மூன்று ஜூலியாக்கள், ஒரு கடலோரச் சாலை

1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து நான்கு பெண்கள் ஒரு மாக்ஸ்வெல் காரில் கிளம்பினார்கள். ஓட்டியவர் ஆலிஸ் ராம்சே. வயது 22, வீட்டில் சின்னக் குழந்தை. கூட வந்தவர்கள் வயதில் மூத்த நாத்தனார்கள் இருவரும் இளம் தோழி ஒருத்தியும். நால்வரில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஆலிஸ் மட்டும்தான். சேறு, பஞ்சர், பாலமில்லாத ஆறுகள் என்று 59 நாட்கள் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து ஆகஸ்ட் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார்கள். கார் முழுத் தொலைவையும் கடந்து முடித்த முதல் பெண் ஓட்டுநர் ஆலிஸ்தான்.

செலவை ஏற்றது கார் கம்பெனி. பெண் விடுதலையின் மேல் அவர்களுக்கு ஒன்றும் தனிப் பாசம் இல்லை. 'ஒரு பெண்ணே ஓட்டிவிட்டாள் என்றால் எங்கள் காரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்' என்று விளம்பரம் செய்துகொள்வதற்காகத்தான். கேலியாக நீட்டிய சாவியையும் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்கள் இந்தப் பெண்கள்.

சாலைப் பயணம் என்றாலே ஆண்களின் கதைதான் என்று ஆகிவிட்டது. வேலையை விட்டவன், காதலில் தோற்றவன், தன்னைத் தேடுகிறவன் கிளம்பிப் போய்க்கொண்டே இருப்பான். வழியில் வரும் பெண்கள் உணவு விடுதியில் காப்பி ஊற்றுவார்கள், அல்லது ஓர் இரவு உடன் இருந்துவிட்டு அவன் கதையிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் குடும்பத்தோடு காரில் கிளம்ப வேண்டுமென்றால், எந்த ஊரில் தங்க இடம் தருவார்கள், எந்த விடுதியில் சோறு போடுவார்கள் என்று பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு கையேடே தேவைப்பட்டது. 'கிரீன் புக்' என்ற அந்தக் கையேடு 1936 முதல் 1960களின் நடுப்பகுதி வரை வந்துகொண்டிருந்தது. பெண்கள் விஷயத்துக்கு வந்தால், கணவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கடன் அட்டை தர மறுப்பது சட்டப்படி குற்றம் என்றானதே 1974இல்தான். கடன் அட்டை இல்லாமல் வாடகைக் கார் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று அமெரிக்கா போனவர்களுக்குத் தெரியும். 'திறந்த சாலை' என்று பாடப்பட்டதெல்லாம் சிலருக்குத்தான் திறந்திருந்தது.

ஆலிஸ் ராம்சே போய்ச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே அன்று கடலோரமாகத் தொடர்ந்து போகச் சாலை இல்லை. குறிப்பாக, கார்மெல் என்ற ஊரிலிருந்து சான் சிமியோன் வரை ஏறத்தாழ 150 கி.மீ. தூரம் மலை நேராகக் கடலில் போய் விழுகிறது. குதிரைத் தடம்தான் உண்டு. பொருட்கள் கப்பலில் வரும். அங்கே சாலை போட முழுசாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1937 ஜூனில் திறந்தார்கள். இன்று 'ஹைவே ஒன்' என்று உலகம் முழுக்கச் சுவரொட்டிகளிலும் கார் விளம்பரங்களிலும் வரும் சாலை அதுதான்.

2019 அக்டோபரில் அந்தச் சாலையில் நாங்கள் நான்கு பேர் போனோம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருத்தி சான் ஹோசேயில் இருக்கிறாள். இன்னொருத்தி டொரன்டோவிலிருந்து வந்தாள். மதுரையிலிருந்து போனவர்கள் நானும் இன்னொரு தோழியும். மூன்று நாள் திட்டம். ஒரு வாடகைக் கார், ஒரு பை நிறைய முறுக்கு, புளியோதரை, ஊறுகாய். ஓட்டியது சான் ஹோசே தோழி. எனக்கு வரலாற்றுப் பைத்தியம் இருப்பதால் சாலையோரப் பலகை எதைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி நிறுத்தி நிறுத்திப் போனதில், இரண்டாவது நாள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "ஏண்டி, இந்த ஊர்ல பொம்பளைன்னா எல்லாருக்கும் ஜூலியான்னுதான் பேர் வைப்பாங்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கடலோரத்தில் பெயர் பெற்ற பெண்கள் மூவர்: ஜூலியா பிளாட், ஜூலியா பைஃபர் பர்ன்ஸ், ஜூலியா மார்கன். ஒருவர் விஞ்ஞானி, ஒருவர் மாடு வளர்த்தவர், ஒருவர் கட்டடக் கலைஞர். வடக்கிலிருந்து தெற்கே அந்த வரிசையிலேயே வருகிறார்கள்.

முதல் ஜூலியாவின் ஊர் பசிபிக் குரோவ். மான்டரே விரிகுடாவின் தென்முனையில் உள்ள சின்ன ஊர். 1857இல் பிறந்த ஜூலியா பிளாட் கருவியல் படித்தவர். முதுகெலும்புள்ள விலங்குகளின் கருவில் தலைப்பகுதிக் குருத்தெலும்பு எந்த அடுக்கிலிருந்து உருவாகிறது என்பதில் அன்றைய அறிவியல் ஒரு முடிவில் உறுதியாக இருந்தது. நீர்ச் சாலமாண்டர் கருக்களை ஆராய்ந்து, அந்த முடிவு தவறு, அது புற அடுக்கிலிருந்து வருகிறது என்று 1893இல் எழுதினார். பெரிய பேராசிரியர்கள் ஏற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அவர் சொன்னதே சரி என்றானது. ஹார்வர்டில் ஆய்வு செய்தார், ஆனால் அங்கே பெண்ணுக்கு முனைவர் பட்டம் கிடையாது. ஜெர்மனிக்குப் போய் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் 1898இல் பட்டம் வாங்கினார். பட்டத்தோடு திரும்பி வந்தவருக்கு அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தரவில்லை. 40 வயதைக் கடந்த அவர் பசிபிக் குரோவில் வந்து குடியேறினார். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

இதை நான் காரில் சொல்லிக்கொண்டு வந்தபோது ஓட்டிக்கொண்டிருந்த தோழி எதுவும் பேசவில்லை. அவள் எங்கள் வகுப்பில் முதல் மாணவி, மின்னணுப் பொறியாளர். திருமணமாகி ஹெச்-4 என்ற சார்பு விசாவில் போனவள். வேலைக்குப் போகக் கூடாது. கணவரின் விசா எத்தனை நாளோ அத்தனை நாள்தான் இவளுடைய ஓட்டுநர் உரிமமும். ஹெச்-4 மனைவியரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி என்பது 2015 மே மாதம்தான் வந்தது. அதற்குள் அவளுக்குப் பதினோரு ஆண்டுகள் போயிருந்தன. லவ்வர்ஸ் பாயின்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்புறம் அந்தம்மா என்ன செஞ்சாங்க?"

அந்தம்மா ஊர் வேலையில் இறங்கினார். நகரமன்றக் கூட்டங்களில் போய் உட்கார்ந்தார். தோட்டம் போட்டார். அதிகாரிகளுக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினார். லவ்வர்ஸ் பாயின்ட் கடற்கரைக்குப் போகும் வழியைக் குளியல் விடுதி நடத்தியவர்கள் கதவு போட்டு அடைத்தபோது, கோடரியை எடுத்துக்கொண்டு போய்க் கதவை உடைத்தார். கடற்கரை எல்லோருக்கும் பொது என்பது அவர் வாதம். 1931இல், தன் 74ஆம் வயதில், மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்று மான்டரே கடல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் அடுத்துச் செய்தது புரியும். பக்கத்திலேயே கேனரி ரோ. வரிசையாக மத்தி மீன் பதப்படுத்தும் ஆலைகள். ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி ஊதல் சத்தம். படகு வந்ததும் நள்ளிரவானாலும் ஊதல் ஊதும். தங்கள் ஆலையின் ஊதலைக் கேட்ட பெண்கள் எழுந்து ஓட வேண்டும். டின்களில் மீன் அடுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஸ்டைன்பெக்கின் நாவல் 1945இல் அந்தத் தெருவைப் புகழ்பெற வைத்தது. அதில் நினைவில் நிற்பவர்கள் வேலையில்லாமல் திரிந்த ஆண்கள்தாம். கடலையோ ஆலைக் கழிவு நாறடித்துக்கொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டுகளில் மத்தியே இல்லாமல் போகப்போகிறது என்று ஆலை முதலாளிகள் யோசிக்கவில்லை. பிளாட் யோசித்தார். ஊரின் கடலோரத்தை ஊரே நிர்வகிக்கும் உரிமையை மாநில அரசிடமிருந்து சட்டமாக வாங்கினார். கடல்வாழ் உயிர்களைப் பிடிக்கக் கூடாத பகுதிகளை ஒதுக்கினார். அவரே கடல் உயிரியல் படித்தவர் என்பதால், எங்கே முட்டையும் குஞ்சும் பெருகினால் மற்ற இடங்களுக்கும் பரவும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார். 1935இல் இறந்தார். உடலைப் படகில் கொண்டுபோய்க் கடலில் இறக்கினார்கள்.

ரோமத்துக்காக வேட்டையாடி அழிந்தேவிட்டது என்று நினைத்த கடல் நீர்நாய்கள் 1938இல் தெற்கே பிக்ஸ்பி ஓடைப் பக்கம் கூட்டமாகத் தென்பட்டன. பின்னர் மெல்ல வடக்கே பரவி பசிபிக் குரோவுக்கும் வந்து சேர்ந்தபோது, அவற்றுக்குத் தீனி இருந்த இடம் பிளாட் காப்பாற்றி வைத்த பகுதி. அங்கே இன்று அறிவிப்புப் பலகையில் 'லவ்வர்ஸ் பாயின்ட் – ஜூலியா பிளாட்' என்று எழுதியிருக்கிறது. இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு சேர்த்த பெயர். ஒரு நீர்நாய் வயிற்றின்மேல் கல்லை வைத்துச் சிப்பியை உடைத்துக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் பார்த்தோம். தோழி அந்தப் பலகையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து பார்வையைச் சற்றே திருப்பினால் இன்னொரு கடல்முனை தெரியும். பாயின்ட் அலோன்ஸ். அதில் 1850களிலிருந்து சீன மீனவர் கிராமம் இருந்தது. அன்றைய சீனக் குடியிருப்புகளில் பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே. சீனப் பெண்கள் அனைவரையும் பாலியல் தொழிலாளிகளாகச் சந்தேகித்து உள்ளே விடாமல் தடுத்த பேஜ் சட்டம் 1875இல் வந்தது. ஆனால் இந்தக் கிராமத்தில் அதற்கு முன்பே குடும்பங்கள் இருந்தன, பெண்கள் மீன் காய வைத்தார்கள். குவாக் முய் என்பவர் 1859இல் தெற்கே பாயின்ட் லோபோஸில் பிறந்தவர். அந்தப் பகுதியில் பிறந்ததாகப் பதிவுபெற்ற முதல் சீனப் பெண் அவர். பல மொழிகள் பேசியவர். பகலில் மற்ற மீனவர்கள் இவர்களை அடித்து விரட்டியதால் இரவில் தீப்பந்தம் ஏற்றிக் கணவாய் பிடித்தார்கள். காயும் கணவாய் நாறுகிறது என்பது ஊராரின் புகார். 1906 மே 16 அன்று கிராமம் தீயில் எரிந்தது. திரும்பக் கட்ட நிலத்தின் சொந்தக்காரர்கள் விடவில்லை. நான் இங்கே நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிளாட் பொதுக் கடற்கரைக்காகக் கதவை உடைத்தது நமக்குப் பிடிக்கிறது. அதே ஊரில்தான் ஒரு மக்கள்கூட்டமே கடற்கரையிலிருந்து துரத்தப்பட்டது. எந்த 'பொது' யாருக்குப் பொது என்ற கேள்வியை மறந்துவிட்டுப் பெண் சாதனையாளர்களைக் கொண்டாட முடியாது.

பசிபிக் குரோவில் இருந்தே சாலை கார்மெலுக்கு இறங்குகிறது. அழகான பழைய தேவாலயம். ஸ்பானியர்களின் சான் கார்லோஸ் மிஷன், 1770இல் தொடங்கி அடுத்த ஆண்டே கார்மெலுக்கு மாற்றியது. அதை நிறுவிய ஹூனிப்பெரோ செர்ரா 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் சமாதியும் உள்ளேதான். தோட்டத்தில் ரோஜா பூத்திருந்தது. திருமணக் கூட்டம் ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

மிஷன்களில் பூர்வகுடிப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது ரோஜாக்களுக்குத் தெரியாது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிஷனை விட்டுப் போகக் கூடாது. ஓடினால் பிடித்து வந்து கசையடி. ஏழெட்டு வயதுச் சிறுமிகள் முதல் திருமணமாகாத பெண்கள், கைம்பெண்கள் வரை எல்லோரையும் இரவில் ஒரே கூடத்தில் அடைத்துப் பூட்டினார்கள். 'மோன்ஹேரியோ' என்று பெயர். கற்பைக் காப்பது என்பது காரணம். காற்றில்லாத அடைசலில் நோய் பரவி மாண்டவர்கள் ஏராளம். இதைச் சொன்னபோது டொரன்டோ தோழி, "நம்ம ஹாஸ்டல்ல ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவாங்களே, அதுக்கும் இதே காரணந்தானே சொன்னாங்க" என்றாள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இது அடிமைத்தனம், அது கட்டுப்பெட்டித்தனம். ஆனால் சாவியைக் கையில் வைத்திருந்தவர்கள் சொன்ன காரணம் ஒன்றாக இருந்ததை அவள் கவனித்தது சரிதான்.

நாற்பதைத் தாண்டிய எங்கள் நால்வரையும் அந்த மிஷனில் நிறுத்தி வைத்தவர் இன்னொரு பெண். பெயர் இசபெல் மெடோஸ். 1846இல் கார்மெல் பள்ளத்தாக்கில் பிறந்தவர். தாய் ரம்சென் இனப் பெண், தந்தை ஆங்கிலேய மாலுமி. ரம்சென் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனுஷி இசபெல். 1930களில் ஹாரிங்டன் என்ற மொழி ஆய்வாளர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக அவரிடம் மொழி சேகரிக்க வந்தார். எண்பது வயதைக் கடந்திருந்த இசபெல் அவருடன் தலைநகர் வாஷிங்டனுக்கே போய்ப் பல ஆண்டுகள் வேலை செய்து, 1939இல் அங்கேயே இறந்தார்.

ஆய்வாளருக்கு வேண்டியது சொற்கள், இலக்கணம், தாவரப் பெயர்கள். இசபெல் அவற்றைக் கொடுத்தார். நடுநடுவே, கேட்காததையும் கொடுத்தார். யார் யாரை ஏமாற்றினார், யார் நிலம் எப்படிப் போனது, யார் குடித்தே செத்தார் என்ற ஊர்க்கதைகள். அதில் ஒன்று விசென்தா குத்தியேரஸ் என்ற சிறுமியின் கதை. தவக்காலத்தில் ஒரு மாலை பாவசங்கீர்த்தனம் செய்யத் தேவாலயத்துக்குப் போன அந்தப் பெண்ணைப் பாதிரியார் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். அவள் அங்கிருந்து தப்பி ஓடி நடந்ததைச் சொன்னாள். இது நடந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். இசபெல் பிறப்பதற்கும் முன்பு. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்தக் கதை பெண்களின் வாய்வழியாகவே, பெயர் மாறாமல், உயிரோடு இருந்திருக்கிறது. சொன்னவரை நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். இசபெல் அதை ஹாரிங்டனின் நோட்டில் ஏற்றினார்.

ஹாரிங்டன் தன் குறிப்புகளைப் பெட்டி பெட்டியாக ஒளித்து வைத்தவர். அவர் இறந்த பிறகே அவை திரட்டப்பட்டு நுண்படச் சுருள்களாயின. அந்தச் சுருள்களில் விசென்தாவைக் கண்டெடுத்தவர்களில் ஒருவர் எஸ்ஸெலன், ஒலோனி மரபில் வந்த கவிஞர் டெபோரா மிரண்டா. 2013இல் வெளியான 'பேட் இண்டியன்ஸ்' என்ற நூலில் விசென்தாவை நேரில் விளித்தே எழுதினார். விசென்தா, இசபெல், மிரண்டா என்று மூன்று பெண்களின் கை மாறி வந்திருக்கிறது இந்தச் சாட்சியம். இந்தச் சங்கிலியில் ஓர் ஆணின் பேனாவும் இருந்தது. அவர் இலக்கணம் என்று நினைத்து எழுதியதை அவர்கள் வரலாறாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சாலையில் இசபெல் பெயருக்குப் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

கார்மெலைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது. வளைவுக்கு வளைவு பள்ளம். பிக்ஸ்பி பாலத்தில் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். 1932இல் கட்டி முடித்த கான்கிரீட் வளைவுப் பாலம், ஓடையிலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரம். சாலையின் பெரும்பகுதிக்குப் பாறையை உடைத்தவர்கள் சான் குவென்டின் சிறைக் கைதிகள். கூலி நாளொன்றுக்கு 35 சென்ட். தண்டனையில் கொஞ்சம் கழிவு. அவர்களுக்கும் பெயர்ப் பலகை இல்லை. சாலை மட்டும் அடிக்கடி தன்னை ஞாபகப்படுத்திக்கொள்கிறது. 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே சரிந்து சாலையைக் கடலுக்குள் தள்ளிவிட்டது. ஓராண்டுக்கு மேல் போக்குவரத்து இல்லை. நாங்கள் போனபோது புதுத் தார் பளபளத்தது.

இரண்டாவது ஜூலியாவின் பெயர் ஒரு மாநிலப் பூங்காவுக்கு இருக்கிறது. ஜூலியா பைஃபர் பர்ன்ஸ் ஸ்டேட் பார்க். பெயர் தெரியாவிட்டாலும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சை நீலக் கடல், சிறு மணல் திட்டு, அதன்மேல் மலையிலிருந்து நேராக விழும் மெல்லிய அருவி. மெக்வே அருவி, சுமார் 24 மீட்டர். கணினித் திரைகளின் பின்னணிப் படமாகவே பலருக்கு அறிமுகம்.

ஜூலியா பைஃபர் 1869இல் பெற்றோரோடு சிறு குழந்தையாக இந்தக் கடலோரத்துக்கு வந்தவர். குதிரை ஏறினார், மாடு மேய்த்தார், இளமை கடந்த பிறகு ஜான் பர்ன்ஸ் என்பவரை மணந்து இருவருமாகப் பண்ணை நடத்தினார்கள். மெக்வே பள்ளத்தாக்கில் மேய்ச்சலுக்கு நிலம் குத்தகைக்கு எடுத்தார். ஒரு மாடுமேய்க்கும் பெண்ணின் வாழ்க்கையில் வரலாற்று நூல்கள் குறித்துக்கொள்ளும்படி என்ன இருந்துவிடும்? கண்டுபிடிப்பு இல்லை, பதவி இல்லை. 1928இல் இறந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கை 1924இல் விலைக்கு வாங்கியவர்கள் லாத்ரோப் பிரவுனும் அவர் மனைவி ஹெலன் ஹூப்பர் பிரவுனும். லாத்ரோப் நியூயார்க்கிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒருமுறை போனவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கல்லூரித் தோழர். பெரும் பணக்காரர்கள். அருவிக்கு எதிரே ஒரு வீடு கட்டினார்கள். ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். அந்தச் சக்கரத்தை இன்றும் பூங்காவில் பார்க்கலாம். நியூயார்க் சீமாட்டியான ஹெலனுக்கும் பண்ணைக்காரி ஜூலியாவுக்கும் நட்பு உண்டானது. நான்கே ஆண்டுப் பழக்கம். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். எந்த மரத்தடியில் தண்ணீர் இருக்கும், எந்த மாதம் மலை சரியும், எந்தத் தடத்தில் குதிரை தடுமாறும் என்பதையெல்லாம் புதிதாக வந்தவருக்குப் பழகியவர்தானே சொல்லித் தந்திருக்க முடியும்.

லாத்ரோப் 1959இல் இறந்தார். 1961இல் ஹெலன் அந்தப் பெரும் நிலத்தை மாநிலத்துக்குத் தானமாகக் கொடுத்தார். இறந்துபோன கணவரின் பெயரை வைக்கச் சொல்லியிருக்கலாம். அதுதான் வழக்கம், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். தன் பெயரையே வைத்திருக்கலாம். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்த தோழியின் பெயரை வைக்கச் சொன்னார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். வீட்டை அருங்காட்சியகமாக ஆக்குங்கள், குறித்த காலத்துக்குள் முடியாவிட்டால் இடித்துவிடுங்கள். அரசால் முடியவில்லை, 1960களின் நடுவில் இடித்தார்கள். அருவியைப் பார்க்க நிற்கும் அந்த மேடைதான் வீடு இருந்த இடம். சுற்றிலும் ஹெலன் காலத்துப் பனை வகை மரங்கள் சில நிற்கின்றன. தன் வீடு போனாலும் பரவாயில்லை, தோழி பெயர் இருக்கட்டும் என்று ஒரு பெண் சொத்துப் பத்திரத்தில் எழுதியது எனக்கு அந்த அருவியைவிடப் பெரிதாகப் பட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த அன்பைச் செய்து காட்ட ஹெலனுக்கு நிலம் இருந்தது. இசபெல்லின் கையில் இருந்ததோ ஒரு மொழியும் ஞாபகமும் மட்டுமே. ஒரு தோழியின் பெயர் பலகையில் ஏறுகிறது, இன்னொருத்தியின் பெயர் நுண்படச் சுருளில் கிடக்கிறது என்றால், அந்த வேறுபாடு அன்பின் அளவால் வந்ததல்ல. ஹெலன் வாங்கிய நிலமே எஸ்ஸெலன் மக்களிடமிருந்து யாரும் விலை கொடுத்து வாங்காதது. நாங்கள் போய் வந்த மறு ஆண்டு, 2020 ஜூலையில், வடக்கே லிட்டில் சர் ஆற்றங்கரையில் 1,199 ஏக்கர் மலைநிலம் மான்டரே மாவட்ட எஸ்ஸெலன் பழங்குடியினர் கைக்குத் திரும்ப வந்தது. இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்கென்று கிடைத்த முதல் நிலம்.

மேடையில் நின்றபோது மதுரைத் தோழி கீழே இருந்த மணலைக் காட்டி, "அங்க இறங்க வழி இல்லையா?" என்றாள். இல்லை, அனுமதியும் இல்லை. அந்த மணலே புதியது. 1983இல் பக்கத்தில் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டுச் சாலை ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. சரிந்த மண்ணைக் கடல் கொண்டுவந்து சேர்த்ததில் உண்டானதுதான் இந்தத் திட்டு. அதற்கு முன் அருவி நேரே அலையில் விழுந்தது. ஹெலனும் ஜூலியாவும் பார்த்த அருவிக்கு மணல் இல்லை.

மூன்றாவது ஜூலியா ஏற்கெனவே பசிபிக் குரோவில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டார். முதல் இரவு நாங்கள் தங்கிய அசிலோமார் அவர் கட்டியது. 1913இல் ஒய்.டபிள்யூ.சி.ஏ. பெண்களின் கோடைப் பயிற்சி முகாமாகத் திறந்த இடம். மணல்மேட்டுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே கல்லும் மரமுமாகத் தாழ்வான கூடங்கள். பெண்கள் கூடிப் பேச, உரக்கச் சிரிக்க, இரவில் பயமில்லாமல் நடக்க என்றே ஒரு பெண் வரைந்த இடம். பெரிய கூடத்தின் கணப்பருகே நள்ளிரவு வரை உட்கார்ந்து நாங்கள் விடுதிக் கதைகள் பேசினோம்.

ஜூலியா மார்கன் பாரிஸின் எக்கோல் தே போசார் கலைக்கல்லூரியில் கட்டடக்கலைப் பிரிவில் சேர்ந்த முதல் பெண். நுழைவுத் தேர்வில் முதல் இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை 376 பேரில் 13ஆம் இடம். 30 வயது நிறைவதற்குள் முடித்தால்தான் சான்றிதழ். 1902இல் முடித்தார். 1904இல் கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக் கலைஞர் ஆனார். இரண்டே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் வந்தது. ஓக்லண்டில் அவர் கட்டிய கான்கிரீட் மணிக்கூண்டு அசையாமல் நின்றது. அதன் பிறகு வேலை குவிந்தது. வாழ்நாளில் 700க்கு மேற்பட்ட கட்டடங்கள். பெரும்பாலானவை பெண்கள் அமைப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும். அவரை ஆதரித்தவர் ஃபீபி ஹெர்ஸ்ட் என்ற செல்வப் பெண்மணி. அசிலோமார் வேலை கிடைக்கவும் அவர் உதவினார். ஃபீபியின் மகன்தான் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்.

அந்த மகனுக்காக மார்கன் கட்டியதுதான் சாலையின் தெற்கு முனையில், சான் சிமியோன் குன்றின்மேல் நிற்கும் ஹெர்ஸ்ட் மாளிகை. 1919இல் தொடங்கி 1947 வரை 28 ஆண்டுகள். 165 அறைகள், கிரேக்கத் தூண்கள், பளிங்கு நீச்சல் குளங்கள், ஸ்பானியத் தேவாலயக் கூரைகள். எனக்கு அந்த ஆடம்பரம் மூச்சு முட்டியது. வழிகாட்டி விருந்துக்கு வந்த நடிகர்களைப் பற்றியே அதிகம் சொன்னார். முதலாளி மனம் மாறும்போதெல்லாம் கட்டியதை இடித்து மறுபடி கட்டச் சொல்வார். மார்கன் மறுபடி கட்டுவார். பெயர் மட்டும் ஹெர்ஸ்ட் கோட்டை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை ஒரு பெண்ணுக்கு முதன்முறையாகக் கொடுத்தது 2014இல். அதைப் பெற்ற மார்கன் இறந்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாளிகையிலிருந்து கீழே பார்த்தால் நாங்கள் வந்த சாலை நூல்போலத் தெரிந்தது. மார்கன் வந்த வழி அதுவல்ல, அவருடைய பெரும்பாலான வேலை முடிந்த பிறகுதான் சாலையே திறந்தது. பிளாட்டும் பர்ன்ஸும் அது திறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். வாரம் முழுக்க சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, மார்கன் வெள்ளி இரவு ரயில் ஏறுவார். சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இறங்கி, அங்கிருந்து 80 கி.மீ. டாக்ஸியில் வந்து குன்றேறுவார். ஐந்தடி உயரம், தொப்பி, கோட்டு. சாரத்தில் ஏறி ஒவ்வொரு மூட்டையும் பார்ப்பார். ஞாயிறு இரவு மறுபடியும் ரயில். திங்கள் காலை வரைபலகையின் முன்னால் இருப்பார்.